ஆடி பிறப்பதற்குள் ஒரு கார்

ஜார்ஜ்டவுன்
18 மே 2025

பிரமிளாவின் அப்பாவுக்கு,

வணக்கம். போன தீபாவளியன்று உங்கள் எண்ணை என் போனில் தடுத்து வைத்தேன். அதைத் திறந்துவிடும் எண்ணம் எனக்கு இன்னும் வரவில்லை. போனில் பேசினால் மூன்றாவது வார்த்தைக்கு நீங்கள் கத்துவீர்கள், நான்காவதற்கு நான் கத்துவேன். "உங்கப்பாகிட்ட ஒரு விஷயம் சொல்லணும்" என்று முனகிக்கொண்டிருந்தேன். "எழுதுங்கம்மா, எழுதும்போது கத்த முடியாதுல்ல? நான் கொண்டுபோய்க் குடுக்கிறேன்லா" என்றாள் உங்கள் மகள். மறுநாளே பினாங்கு வீதியிலிருந்து ரோஜாப்பூப் போட்ட கடிதத்தாளும் உறையும் வாங்கி வந்துவிட்டாள். உங்களுக்கும் இதே மாதிரி ஒரு கட்டு வாங்கியிருக்கிறாளாம். எதற்கு இந்த ஆடம்பரம் என்று கேட்டால் சிரிக்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் வேலை முடிந்து வந்தவள் நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தள்ளிப் பார்த்தால், சட்டையின் கைப்பகுதியைத் துவைத்துக்கொண்டிருந்தாள். முழங்கையிலிருந்து தோள்வரை கிழிந்திருந்தது. பாலத்தில் ஒரு லாரி உரசிக்கொண்டு போயிருக்கிறது. "ஒன்னும் இல்லம்மா, காத்துதான் தள்ளிடுச்சு" என்கிறாள். காற்றுக்கு நகம் இருக்கிறதா?

தினமும் அந்த மோட்டார் சைக்கிளில் கடல் பாலத்தைத் தாண்டி அக்கரையில் பிறை ஊருக்கு வேலைக்குப் போகிறாள். ஃபெரியில் போ என்றால் அவள் ஷிப்ட்டுக்கு நேரம் ஒத்துவரவில்லை. அவள் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும்வரை எனக்குச் சோறு இறங்குவதில்லை. அவளுக்கு ஒரு கார் வேண்டும். அவளுடைய தொழிற்சாலையில் ஊழியர்களுக்காக மின்சாரக் கார்களுக்குச் சார்ஜ் ஏற்றும் கம்பம் இரண்டு நட்டிருக்கிறார்களாம். அதனால் மின்சாரக் காரே நல்லது. பாதி நான் போடுகிறேன், பாதி நீங்கள் போடுங்கள். ஆகஸ்டில் அவள் பிறந்தநாள். அதுவரை அவளிடம் மூச்சு விடக்கூடாது. உறையை ஒட்டித்தான் அனுப்புகிறேன், அவள் பிரிக்கமாட்டாள்.

கார் புதிதாக இருக்க வேண்டும். இதில் பேச்சே இல்லை.

சந்திரிகா


சிம்பாங் அம்பாட்
25 மே 2025

அன்புள்ள சந்திரிகா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்காமல் மேசையில் வைத்துவிட்டேன். வழக்கறிஞர் ஆபீசில் வேலை பார்ப்பவள் கடிதம் எழுதினால் அது நோட்டீஸ் இல்லாமல் வேறு என்னவாக இருக்கும்? பாப்பா எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் படித்து முடித்துச் சிரித்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. ஏனோ அத்தனை சந்தோஷம்.

கிழிந்த சட்டையைப் பற்றி அவள் என்னிடமும் சொல்லவில்லை. பாதி என்ன, உன்னால் முடியாததையும் சேர்த்தே போடுகிறேன். தனிக்கட்டைக்கு என்ன செலவு?

ஆனால் புதுசு எதற்கு? என்னோடு கிடங்கில் வேலை பார்க்கும் ஷாருல் மூன்று வருடத்துக்கு முன் ஒரு வெள்ளை மின்சாரக் கார் வாங்கினான். ஜூலை கடைசியில் குடும்பத்தோடு கடல் கடந்து சரவாக்குக்கு மாறிப் போகிறான், காரை விற்கிறான். நான் ஓட்டிப் பார்த்தேன். சர்வீஸ் சென்டரில் பேட்டரியைச் சோதித்தும் பார்த்தாயிற்று. புதிதில் நூறு என்றால் இப்போது தொண்ணூற்றொன்று இருக்கிறது. பாப்பா பிறைக்குப் போய்வர நான்கு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் போதும். பேட்டரிக்கு இன்னும் ஐந்து வருட உத்தரவாதம் இருக்கிறது, கை மாறினாலும் செல்லும். வெள்ளத்தில் மூழ்கிய காரா என்றும் பார்த்துவிட்டேன். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தேன், சேற்றுக் கோடு இல்லை.

புதுசுக்குப் பதிந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்கிறார்கள். அந்த மூன்று மாதமும் அவள் அதே பாலத்தில்தான் போவாள். ஷாருலின் கார் அடுத்த வாரமே கைக்கு வரும்.

சார்ஜுக்கும் கவலையில்லை. என் வீட்டு முன்னால் கார் நிறுத்தும் இடத்தில் பிளக் இருக்கிறது. இரவு இங்கே தங்கிவிட்டுக் காலையில் பாலம் தாண்டாமல் இப்படியே வேலைக்குப் போகலாம்.

மோகனராஜ்


ஜார்ஜ்டவுன்
1 ஜூன் 2025

பிரமிளாவின் அப்பாவுக்கு,

கடைசி இரண்டு வரியில் உங்கள் திட்டம் வெளியே வந்துவிட்டது. காரா வாங்குகிறீர்கள்? மகளை வாங்குகிறீர்கள். என் வீடு பதினோராம் மாடி. அங்கிருந்து வயரைத் தொங்கவிட முடியாது என்று உங்களுக்குத் தெரியும். அதனால் கார் உங்கள் வீட்டில் சார்ஜ் ஏறும், அவளும் உங்கள் வீட்டில் தூங்குவாள், நான் இங்கே சுவரைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். பூனையைப் பாலுக்குக் காவல் வைத்த கதைதான்.

புதுக் கார்களில் வேகச் சார்ஜ் ஏற்றும் வசதி இருக்கிறது. கடைத்தொகுதிக்குப் போனால் ஒரு தேநீர் குடிக்கும் நேரத்தில் ஏறிவிடும் என்று என்னோடு வேலை செய்யும் ரமணி சொல்கிறாள். யார் வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டாம்.

நீங்கள் பார்த்து வாங்கிய பழைய கார் ஒன்றை நான் மறக்கவில்லை. அந்த நீலக் கார். "ராசியான வண்டி, டாக்டர் ஓட்டினது" என்றீர்கள். பிரமிளாவுக்கு ஏழு வயதில் காய்ச்சல் கொதித்தபோது நடுப்பாலத்தில் நின்றுவிட்டது. ஒரு கையில் குழந்தை, மறு கையால் போகிற வண்டிகளை மறித்தேன். அன்றைக்கு நீங்கள் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சிகரெட் பற்றவைத்தீர்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். பழசே போதும் என்று சொல்ல உங்களுக்கு எங்கிருந்து வாய் வந்தது? இருபது வருடம் ஓடிய பழசை வீட்டில் நிறுத்திவிட்டு, சிம்பாங் அம்பாட்டில் புதுசைத் தேடிப் போன ஆள்தானே நீங்கள்? அதுவும் இரண்டு வருடம்கூட ஓடவில்லை. உங்களுக்கென்றால் புதுசு, உங்கள் மகளுக்கென்றால் அடுத்தவன் ஓட்டித் தேய்த்தது.

சந்திரிகா


சிம்பாங் அம்பாட்
15 ஜூன் 2025

சந்திரிகா,

பதில் எழுத இரண்டு வாரம் ஆகிவிட்டது. நான்கு தாள் கிழித்துப் போட்டேன். ரோஜாப்பூத் தாள், பாவம்.

நீ எழுதியதில் பொய் இல்லை. சிகரெட் பற்றவைத்ததும் உண்மை, போனதும் உண்மை, அது நிலைக்காததும் உண்மை. சூடு கண்ட பூனை அடுப்படியை அண்டாது என்பார்கள். நான்தான் உனக்குச் சூடு வைத்தவன்.

ஆனால் அந்தக் கோபத்தை இந்தக் காரில் காட்டாதே. இந்த இரண்டு வாரத்தில் பாப்பா மூன்று முறை இங்கே வந்துவிட்டாள், பதில் தயாரா என்று கேட்டு. வேலை இருக்கிற பிறையிலிருந்து இது எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று உனக்குத் தெரியும். புதன்கிழமை தெப்பலாக நனைந்து வந்தாள். துண்டு கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே, "எழுதி முடிச்சிட்டீங்களாப்பா?" என்கிறாள். இல்லை என்றதும் முகம் வாடிப்போனது. "பரவாலப்பா, நல்லா யோசிச்சு எழுதுங்க. அவசரப்பட்டு எதையாவது எழுதி அம்மாவைக் கோவப்படுத்திடாதீங்க" என்று எனக்குப் புத்தி சொல்லிவிட்டுப் போனாள். நேற்று எனக்கு ஒரு சட்டை வாங்கி வந்தாள், நீல நிறம். "இந்தத் தீபாவளிக்குப் போட்டுக்குங்க, எங்க போறீங்களோ தெரியாது" என்று கண்ணைச் சிமிட்டினாள். என்ன உளறுகிறாள் என்று எனக்கு விளங்கவில்லை.

நாம் முடிவு செய்யாமல் இழுக்க இழுக்க அவள்தான் நனைகிறாள். ஷாருலிடம் இன்னும் யாருக்கும் கொடுக்காதே என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மோகனராஜ்


ஜார்ஜ்டவுன்
29 ஜூன் 2025

பிரமிளாவின் அப்பாவுக்கு,

ரமணியைக் கூட்டிக்கொண்டு இரண்டு கடைகளுக்குப் போய் வந்தேன். புதுக் கார்கள் பார்க்க நன்றாகத்தான் இருக்கின்றன. கதவைத் திறந்தாலே பேசுகின்றன. விற்கிற பையன் நான் கேட்டது எல்லாவற்றுக்கும் "போலே, அக்கா, போலே" என்றான், முடியும் முடியும் என்று. எப்போது கிடைக்கும் என்று கேட்டபோது மட்டும் கணினியைப் பார்க்க ஆரம்பித்தான்.

அதனால் இறங்கி வருகிறேன். ஷாருலின் காரையே எடுங்கள். உங்களை நம்பி அல்ல. பேட்டரி சோதனைத் தாளை எனக்கு அனுப்புங்கள், நான் கண்ணால் பார்க்க வேண்டும். வாரத்தில் இரண்டு இரவுக்கு மேல் அவள் உங்கள் வீட்டில் தங்கக் கூடாது. மூன்றாவதும் முக்கியம்: ஜூலை பதினேழாம் தேதி ஆடி பிறக்கிறது. ஆடியில் நான் வண்டி எடுக்க விடமாட்டேன். ஆடி முடிவதற்குள் அந்த மனிதர் சரவாக் போய்விடுவார். ஆக, பதினாறாம் தேதிக்குள் கார் கையில் இருக்க வேண்டும். எடுத்ததும் தண்ணீர்மலைக் கோயில் அடிவாரத்துக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றி இறக்கிவிட்டுத்தான் அவள் கையில் சாவியைக் கொடுக்க வேண்டும். பிறந்தநாள்வரை காத்திருக்க வேண்டாம்.

அவளும் இப்போதெல்லாம் ஒரு மாதிரியாக இருக்கிறாள். பாட்டுப் பாடிக்கொண்டே கடிதத்தை எடுத்துப் பையில் வைக்கிறாள். அலமாரியில் கிடந்த நம் கல்யாணப் படத்தைத் துடைத்து வைத்திருந்தாள். ஏன் என்று கேட்டதற்குத் தூசியாக இருந்தது என்றாள். வேறு எதிலும் அவளுக்குத் தூசி தெரிந்ததில்லை.

சந்திரிகா


சிம்பாங் அம்பாட்
6 ஜூலை 2025

சந்திரிகா,

இதைப் படித்ததும் உனக்குக் கோபம் வரும். முழுதும் படித்துவிட்டுக் கோபப்படு.

ஜூன் ஒன்றாம் தேதி நீ எழுதியது என் நெஞ்சிலேயே கிடக்கிறது. உங்களுக்கென்றால் புதுசு, உங்கள் மகளுக்கென்றால் அடுத்தவன் ஓட்டித் தேய்த்தது. ராத்திரி படுத்தால் அந்த ஒரு வரி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அவளுக்கு நான் என்ன புதிதாகக் கொடுத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். சைக்கிள் என் தங்கை மகன் ஓட்டியது. பள்ளிச் சீருடை ரமணியின் மகளுடையது என்று நீயே சொல்லியிருக்கிறாய். அந்த மோட்டார் சைக்கிளும் செகண்ட் ஹேண்ட்தான், நான் வாங்கிக் கொடுத்தது.

அதனால் நேற்று போய்ப் புதுக் காருக்கே பதிந்துவிட்டேன். முன்பணமும் கட்டியாயிற்று. அவளுக்குப் பிடித்த பச்சை நிறம். அக்டோபர் முதல் வாரம் வரும் என்று உறுதியாகச் சொல்கிறார்கள். சீட்டைப் போர்த்திய பிளாஸ்டிக்கை அவளே கையால் கிழிக்கட்டும். ஒரு தடவையாவது யாரும் தொடாத ஒன்றை அவளுக்குக் கொடுத்தவன் என்ற பெயர் எனக்கு இருக்கட்டும்.

ஷாருலிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். நீ புதுசுதானே கேட்டாய்?

மோகனராஜ்


ஜார்ஜ்டவுன்
14 ஜூலை 2025

பிரமிளாவின் அப்பாவுக்கு,

வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது. யாரைக் கேட்டுப் பதிந்தீர்கள்? அக்டோபர்! மழைக்காலத்தின் உச்சியில்! நான் ஒன்று சொன்னால் நீங்கள் வேறு செய்வீர்கள், நான் அதற்கு இறங்கி வந்தால் நீங்கள் முதலில் சொன்னதை மாற்றுவீர்கள். என்னோடு ஒத்துப்போய்விட்டால் தலை போய்விடும் உங்களுக்கு. நான் கோபத்தில் எழுதிய ஒரு வரிக்குப் பதில் சொல்ல என் மகளை மூன்று மாதம் பாலத்தில் விடுகிறீர்கள். உங்கள் பெயர் யாருக்கு வேண்டும்? எனக்கு அவள் வேண்டும்.

ஷாருல் இன்னும் விற்காமல் இருந்தால் அந்தக் காரை எடுங்கள். விற்றுவிட்டால் அதையும் சொல்லுங்கள், நானே வேறு பழைய கார் பார்த்துக்கொள்கிறேன். வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. நாளை செவ்வாய். புதன்கிழமைக்குள் பெயர் மாற்றியாக வேண்டும்.

பிரமிளாவுக்கு நாளை வேலை இல்லை. தூங்க வேண்டிய பெண்ணை இதற்காகவே அனுப்புகிறேன். நீங்கள் யோசிப்பதற்கு இரண்டு வாரம் கிடையாது. அவளை உட்கார வைத்து, ஆம் அல்லது இல்லை என்று எழுதி அவள் கையிலேயே கொடுத்தனுப்புங்கள். நாளை எனக்குப் பதில் வேண்டும்.

போனைத் திறந்து பேசினால் என்ன என்று நினைப்பீர்கள். மாட்டேன். உங்கள் குரலைக் கேட்டால் நான் நினைத்ததைச் சொல்லாமல் வேறு எதையோ சொல்லிவிடுகிறேன்.

சந்திரிகா


சிம்பாங் அம்பாட்
15 ஜூலை 2025, செவ்வாய்

சந்திரா,

பாப்பா கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாள், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். ஷாருலுக்குப் போன் போட்டேன். கார் இன்னும் இருக்கிறது. நாளைக் காலை அவனும் நானும் போய்ப் பெயர் மாற்றுகிறோம். ஆடிக்கு முன்பே. புதுக் காரை ரத்து செய்கிறேன், முன்பணம் போனால் போகட்டும்.

நீ சொன்னபடியே ஆகட்டும். எனக்கு அவள் வேண்டும் என்று எழுதியிருந்தாயே, அதற்கு மேல் என்னால் வீம்பு பிடிக்க முடியவில்லை.

வெளியே நல்ல மழை. விட்டதும் போகலாம் என்றால் கேட்கமாட்டேன் என்கிறாள். "அம்மா இன்னிக்கே வேணும்னாங்கப்பா. அவங்க இவ்வளவு ஆசையா ஒரு பதிலுக்குக் காத்திருந்து நான் பார்த்ததே இல்ல" என்கிறாள். மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு நிற்கிறாள். நீ போனைத் திறந்திருந்தால் இந்தத் தாளும் வேண்டாம், இந்த மழையில் போகவும் வேண்டாம்.

நாளை மறுநாளிலிருந்து அவள் நனையமாட்டாள்.

மோகன்


ஜார்ஜ்டவுன்
3 ஆகஸ்ட் 2025

பிரமிளாவின் அப்பாவுக்கு,

இது தபாலில் வருகிறது. இனிமேல் தபால்தான். ரமணி அஞ்சலகத்தில் சேர்த்துவிடுவாள்.

தினமும் ஆஸ்பத்திரியில் எதிரெதிரே நின்றுவிட்டு எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். டாக்டர் சொன்னபோது கட்டிலுக்கு அந்தப் பக்கம் நீங்கள் நின்றீர்கள், இந்தப் பக்கம் நான் நின்றேன். பிரமிளாவுக்கு இடுப்புக்குக் கீழே இனி உணர்வு திரும்பாது என்று அவர் ஆங்கிலத்தில் ஒரு தடவையும் மலாயில் ஒரு தடவையும் சொன்னார். இரண்டு மொழியிலும் எனக்குப் புரிந்தது. அப்போது நான் உங்களைப் பார்த்து வாயைத் திறந்திருந்தால் அலறியிருப்பேன். வார்டில் இன்னும் ஐந்து பேர் படுத்திருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

பாலத்தில் அவள் வழுக்கி விழுந்த இடத்தை ஒரு போலீஸ்காரர் வரைந்து காட்டினார். நான் பார்க்கவில்லை. நர்ஸ் ஒரு பிளாஸ்டிக் பை கொடுத்தாள். ஹெல்மெட், ஒரு காலணி, ரோஜாப்பூ உறை. நனைந்து மை பரவியிருந்தது. "நீ சொன்னபடியே ஆகட்டும்" என்கிற வரி மட்டும் அப்படியே இருந்தது. அவள் எனக்குக் கொண்டு வந்தது அதைத்தான்.

நான்தான் அனுப்பினேன். ஆடி பிறப்பதற்குள் என்று நாள் குறித்து, தூங்க வேண்டிய பெண்ணை எழுப்பி அனுப்பினேன். அவள் அந்தப் பாலத்தில் போகக் கூடாது என்பதற்காகத்தான் இத்தனையும் எழுதினோம். ஒவ்வொன்றையும் அவளிடமே கொடுத்து அதே பாலத்தில் அனுப்பினோம். ஒரு தடவைகூட நமக்கு அது உறைக்கவில்லை. இரண்டு பேரில் ஒருவருக்காவது உறைத்திருக்க வேண்டாமா? ஒரு போன் போட்டிருக்கலாம். என் விரலை ஒரு தடவை அழுத்தியிருந்தால் போதும்.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். இப்போது பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

சந்திரிகா


சிம்பாங் அம்பாட்
10 ஆகஸ்ட் 2025

சந்திரா,

நீ மட்டும் அனுப்பினாய் என்று எழுதாதே. மழையில் கதவைத் திறந்துவிட்டவன் நான். மோட்டாரின் சாவியை ஒளித்து வைத்திருக்கலாம். அவள் சின்னவளாக இருந்தபோது அப்படித்தான் செய்வேன். அன்றைக்குக் கடிதத்தை மடித்து அவள் பையில் வைத்து, ஜிப்பையும் நானே இழுத்துவிட்டேன், நனையக் கூடாதென்று. கடிதம் நனையக் கூடாதென்று, சந்திரா.

ஷாருலின் காரை வாங்கிவிட்டேன். போன மாதக் கடைசியில் அவன் கப்பலுக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தபோது போய் எடுத்தேன். ஆடிதான். இனி எந்த மாதத்தில் எடுத்தால் என்ன? எலுமிச்சம்பழம் வைக்கவில்லை, கோயிலுக்குக் கொண்டு போகவில்லை. வாசலில் நிற்கிறது. நூறு சதவீதம் சார்ஜ் ஏறியிருக்கிறது. ஓட்டுவதற்கு இடமில்லை, ஆனாலும் தினமும் போய்ப் பிளக்கைத் தொட்டுப் பார்க்கிறேன்.

பச்சைக் காரை ரத்து செய்தாயிற்று. அதில் பின்கதவு சிறியது, ஆளைத் தூக்கி வைக்க முடியாது. இதில் அகலமாகத் திறக்கிறது. பக்கத்து வீட்டு சலேஹா அக்காவின் அம்மா உபயோகித்த சக்கர நாற்காலி ஒன்றைக் கேட்டு வாங்கி, மடித்துப் பின்னால் வைத்துப் பார்த்தேன். போகிறது. புதுசா பழசா என்று இரண்டு மாதம் அடித்துக்கொண்டோம். கடைசியில் ஒரு கதவின் அகலம் முடிவு செய்துவிட்டது.

தூக்கவும் பழகுகிறேன். இரண்டு அரிசி மூட்டையைச் சேர்த்துக் கட்டி நாற்காலியிலிருந்து சீட்டுக்கு மாற்றுகிறேன். தெருவில் போகிறவர்கள் பார்க்கிறார்கள். முதல் நாள் தலை இடித்தது, மூட்டைக்குத் தலை இருக்கும் இடத்தில். உட்கார்ந்து அழுதுவிட்டேன். இப்போது இடிப்பதில்லை. ஆனால் ஒருவரால் முடியாது. ஒருவர் தூக்க வேண்டும், இன்னொருவர் உள்ளே உட்கார்ந்து வாங்கிக்கொள்ள வேண்டும்.

மோகன்


ஜார்ஜ்டவுன்
31 ஆகஸ்ட் 2025

பிரமிளாவின் அப்பாவுக்கு,

வியாழக்கிழமை அவளை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அதற்கு முன் உங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்று இருக்கிறது.

பிறந்தநாளன்று நீங்கள் போனபிறகு அவள் என்னிடம் ஒன்று கேட்டாள். "அப்பா உங்களுக்கு எழுதினது எல்லாம் வச்சிருக்கீங்களாம்மா? நான் படிக்கலாமா?" இத்தனை மாதம் ஒட்டிய உறையைப் பிரிக்காமல் சுமந்தவள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. காருக்கு இனி ரகசியம் என்ன? மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஒவ்வொன்றாகப் படித்தாள். பேட்டரி தொண்ணூற்றொன்று, சீட் பெல்ட்டில் சேறு, பின் பச்சைக் கார். படித்து முடித்ததும் முதல் கடிதத்திலிருந்து மறுபடியும் படித்தாள், எங்கேயோ ஒரு பக்கம் விட்டுப்போனது மாதிரி. தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். பிறகு கேட்டாள்:

"எல்லாமே காடியைப் பத்திதானாம்மா?"

ஆமாம், காரைப் பற்றித்தான் என்றேன். உனக்காகத்தான் என்றேன்.

"நீங்க ரெண்டு பேரும் மறுபடியும் சேரப் போறீங்கன்னு நெனச்சேன்லா. அதான் எழுதிக்கிறீங்கன்னு. இல்லாட்டி மழையில எதுக்கு அவ்ளோ தடவ போவேன்?"

நீலச் சட்டை உங்களுக்கு விளங்கியதா? கல்யாணப் படத்தில் தூசி எனக்கு விளங்கியது. ரோஜாப்பூத் தாள் எதற்கு என்று கேட்டேன், அவள் சிரித்தாள், நான் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். கூட வேலை செய்கிற பெண்களிடம் எல்லாம் சொல்லி வைத்திருந்தாளாம், இந்தத் தீபாவளிக்கு எங்கள் வீட்டில் மூன்று பேர் என்று. அவளைப் பார்க்க வந்த ஒருத்தி என்னிடம் சொல்லிவிட்டு அழுதாள். நம்மிடம் அவள் எதுவும் கேட்கவில்லை, கேட்டால் கெட்டுவிடும் என்று பயந்திருக்கிறாள். அவள் பயந்தது சரிதான். நம்மிடம் கொடுக்க அது இருந்ததில்லை. இருந்தது கார் ஒன்றுதான். அதையும் நேரத்துக்குக் கொடுக்கவில்லை.

அன்றிலிருந்து என்னிடம் அதிகம் பேசுவதில்லை. கோபம் இல்லை. கோபப்பட்டால் எனக்கு நன்றாக இருக்கும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வார்டு வாசலுக்குக் காரைக் கொண்டு வாருங்கள். என் வீட்டுக்குத்தான் போக வேண்டும், லிஃப்ட் இருக்கிறது. சார்ஜ் எங்கே ஏற்றுவது, யார் வீட்டில் நிறுத்துவது என்பதையெல்லாம் உங்கள் விருப்பப்படி செய்யுங்கள். இனி நான் அதில் ஒன்றும் சொல்லமாட்டேன். நீங்கள் தூக்குங்கள், நான் உள்ளே உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறேன்.

அவளைப் பின்சீட்டில் சாய்த்துப் படுக்க வைத்தபிறகு நான் முன்னால் உங்கள் பக்கத்தில்தான் உட்கார வேண்டும், வேறு இடம் இல்லை. இதை அவளிடம் சொன்னேன். "அப்பாவும் நானும் முன்னாடி உட்கார்ந்து வர்றோம்மா, மூணு பேருமா வீட்டுக்குப் போகலாம்" என்றேன். கேட்டால் கொஞ்சமாவது முகம் மலரும் என்று நினைத்தேன்.

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "இனிமே எதுக்கும்மா" என்றாள்.

பத்து மணிக்கு வந்துவிடுங்கள். ஒரு தலையணை கொண்டு வாருங்கள்.

சந்திரிகா